ஒரு பிரதிக்கு ஒரு சென்ட்: ஸ்காட் ஜாப்ளினைப் பதிப்பாளர் ஏமாற்றினாரா?

வெண்கட்டை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கீபோர்டு வகுப்புக்குப் போன யாரும் 'தி என்டர்டெய்னர்' வாசிக்காமல் தப்பித்திருக்க முடியாது. அதை எழுதிய, ராக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ இசைக்குப் பேர்போன கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினைப் பற்றி இப்போதுதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கிறேன். ஒரு விஷயம் உறுத்துகிறது.

1899 ஆகஸ்ட் 10. மிசூரி மாநிலத்தில் செடேலியா என்ற ரயில்வே ஊர். அங்கே ஜான் ஸ்டார்க் என்ற வெள்ளைக்காரர் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறார். அவரும் ஜாப்ளினும் 'மேப்பிள் லீஃப் ராக்' (ராக் என்றால் ராக்டைம் பாட்டு) இசைத்தாளுக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஜாப்ளினுக்கு ஒரு சென்ட். கடையில் விலை 50 சென்ட். அதாவது நூற்றுக்கு இரண்டு. அது நாடு முழுக்கப் பரவி, பத்து வருடத்தில் ஐந்து லட்சம் பிரதி போனதாகச் சொல்கிறார்கள். ஸ்டார்க் செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்து பேர்பெற்ற பதிப்பாளர் ஆனார். ஜாப்ளின் 1917இல் நியூயார்க்கில் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை கூட வைக்கவில்லை.

இது பச்சையான சுரண்டல் இல்லையா? "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

ரயிலடி எழுதியது:

சுரண்டல்தான். இதில் பட்டிமன்றம் எதற்கு? கடைக்காரர் வெள்ளை, எழுதியவர் கறுப்பு, வருடம் 1899. அப்பா அடிமையாகப் பிறந்தவர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பழைய_ஸ்பூல் எழுதியது:

கோபப்படலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் படுவோமே.

அன்றைக்கு ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்று எழுதியவருக்குப் பங்கு கொடுப்பதே அபூர்வம். பதிப்பாளர் ஒரு சிறு தொகையைக் கையில் வைப்பார், அதோடு பாட்டு அவருடையது. பிறகு அது லட்சம் விற்றாலும் எழுதியவருக்கு ஒன்றும் கிடையாது. கறுப்பின இசைஞர்களுக்கு அந்தச் சிறு தொகைகூடக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கிடைக்கும்.

ஜாப்ளினுக்கே அந்த அனுபவம் உண்டு. அதே 1899இல், மேப்பிள் லீஃபுக்குச் சில மாதம் முன்பு, கான்சஸ் சிட்டியில் கார்ல் ஹாஃப்மன் என்பவர் அவருடைய 'ஒரிஜினல் ராக்ஸ்' வெளியிட்டார். அட்டையில் ஜாப்ளின் பெயரோடு, 'அரேஞ்ச் செய்தவர்' என்று சார்லஸ் டேனியல்ஸ் பெயரும் ஒட்டிக்கொண்டது. அடுத்த பாட்டுக்கு மனிதர் உஷாராகிவிட்டார். ஸ்டார்க்கோடு போட்ட ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து ராபர்ட் ஹிக்டன் என்ற வக்கீலுடையது. ஒரு கறுப்பின பியானோக்காரர் வக்கீலை வைத்துக்கொண்டு எழுத்தில் ராயல்டி வாங்கினார் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இன்னொன்று. முதல் அச்சு 400 பிரதிதான். அது விற்றுத் தீரவே சுமார் ஒரு வருடம் ஆனது. ஆக, ஜாப்ளினுக்கு அதில் வந்தது நாலே நாலு டாலர். மொத்தமாக விற்றிருந்தால் அன்றைக்கே அதைவிடக் கூடுதலாக வாங்கியிருக்கலாம். அவர் காத்திருந்தார். ஐந்து லட்சம் பிரதி என்றால் ஐயாயிரம் டாலர். அதை வைத்துக்கொண்டு மாளிகை கட்ட முடியாது. ஆனால் சாராயக் கடையிலும் விலைமாதர் விடுதியிலும் ராத்திரி முழுக்க வாசித்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலிருந்து வெளியே வர முடிந்தது. 1901இல் செயின்ட் லூயிஸ் போனபிறகு அவர் மேடை வாசிப்பைக் குறைத்துக்கொண்டு எழுதுவதிலும் சொல்லிக்கொடுப்பதிலும் இறங்கினார். அதற்கு இந்தச் சென்டுகள் உதவின.

ரயிலடி எழுதியது:

ஸ்பூல் ஐயா, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஐயாயிரம் டாலரைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் நாற்பது சொச்சம். ஐந்து லட்சம் பிரதிக்கு சில்லறை விலை இரண்டரை லட்சம் டாலர். அச்சுக்கூலி, கடைக்காரர் கழிவு எல்லாம் போகட்டும், ஸ்டார்க் கையில் எவ்வளவு நின்றிருக்கும்? "மற்றவன் பத்து அடி அடித்தான், இவர் இரண்டோடு விட்டார்" என்பதற்காகச் சிலை வைக்கச் சொல்கிறீர்களா?

பழைய_ஸ்பூல் எழுதியது:

சிலை வேண்டாம் தம்பி. ஸ்டார்க் வியாபாரிதான். 1909 வாக்கில் நியூயார்க்கில் மலிவு விலைப் போட்டியில் சிக்கியபோது ராயல்டி முறையைக் கைவிடப் பார்த்தார், அதில்தான் இருவருக்கும் முறிந்தது. அதே மனிதர்தான் ஜாப்ளினின் ராக்குகளை 'கிளாசிக் ராக்' என்று பெயர் வைத்து விற்றவர். 1901இல் இசைக்கலைஞர் சங்கம் ராக்டைமை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பத்திரிகைகள் அதை விடுதிக் குப்பை என்று எழுதின. அப்போது இதை பேத்தோவன் பக்கத்தில் வைக்கலாம் என்கிற தோரணையில் விளம்பரம் செய்தவர் இவர்.

ஸ்வரக்குருவி எழுதியது:

பியானோ சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் பணக்கணக்கை விட்டுவிட்டு இசைத்தாளுக்கு வருகிறேன்.

மேப்பிள் லீஃபின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டு கால் தாளம், மார்ச் மாதிரி. ராக்டைமில் பொதுவாக இடது கை பாஸ் (கீழ் ஸ்வரம்), கார்டு (பல ஸ்வரம் சேர்ந்தது), பாஸ், கார்டு என்று சிப்பாய் நடை நடக்கும். வலது கை அந்த நடைக்குக் கட்டுப்படாமல் அடிக்கு அரை மாத்திரை முன்னாலோ பின்னாலோ விழும். ராக்டைமின் சூட்சுமம் அவ்வளவுதான், ஆனால் ஜாப்ளின் அதோடு நிற்பதில்லை. முதல் பகுதியின் பாதியில் சிப்பாய் நடையே நின்றுபோகிறது. ஒரு மைனர் கார்டு உடைந்து உடைந்து கீழ்க்கட்டையிலிருந்து மேல்வரை ஏறுகிறது, இடது கையும் வலது கையும் மாற்றி மாற்றி அதைத் தூக்கிக்கொண்டு போகின்றன. மேலே போனதும் ஒன்றும் நடக்காதது போல மறுபடி குதூகலம். மாணவர்கள் எல்லோரும் அந்த ஏற்றத்தில்தான் தடுக்கி விழுவார்கள். விரல் தகராறு செய்வதில்லை; வேகமாக வந்த மனசு அங்கே நிற்க மறுக்கிறது.

அதனால்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார். பல இசைத்தாள்களின் தலைப்பில் ஒரு எச்சரிக்கை அச்சாகியிருக்கும்: "இதை வேகமாக வாசிக்காதீர்கள். ராக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதும் சரியல்ல." கீழே ஆசிரியர் என்று போட்டிருக்கும். 'தி என்டர்டெய்னர்' தலைப்பிலும் டெம்போ குறிப்பு 'வேகம் வேண்டாம்' என்பதுதான். 1908இல் 'ஸ்கூல் ஆஃப் ராக்டைம்' என்று ஆறு பயிற்சிகள் கொண்ட சின்ன புத்தகம் போட்டார். அதிலும் இதே பாட்டுதான்.

யூடியூபில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து அதைப் பறக்கவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ரொறன்ரோ_மாமா எழுதியது:

இங்கே கோடை வந்தால் ஐஸ்கிறீம் வான் இந்த 'என்டர்டெய்னரை'த்தான் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வரும். பிள்ளைகள் காசு கேட்டு ஓடிவருவார்கள். இது 1902இல் ஒரு கறுப்பின மேதை எழுதினது என்று சொன்னால் வான்காரரே நம்பமாட்டார். அதுவும் முதல் பகுதி மட்டும்தான், அதிலும் பாதி. மிச்சம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

வெண்கட்டை எழுதியது:

அக்கா, அவர் முறையாக நோட்டேஷன் கற்றவரா? விடுதியில் வாசித்தவர்கள் பெரும்பாலும் கேள்வி ஞானம்தானே?

ஸ்வரக்குருவி எழுதியது:

முறையாகவே கற்றவர். டெக்சாஸ், ஆர்கன்சா எல்லையில் டெக்சர்கானா என்ற ஊரில் வளர்ந்தார். அப்பா ஜைல்ஸ் ரயில்வேயில் கூலி, வயலின் வாசிப்பார். அம்மா ஃப்ளாரன்ஸ் பேஞ்சோ வாசித்துப் பாடுவார். அப்பா குடும்பத்தை விட்டுப் போனபிறகு அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார். அவர் துடைத்துப் பெருக்கும் நேரத்தில் பையன் அந்த வீட்டுப் பியானோவில் உட்கார்ந்துகொள்வான். ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மன் யூத ஆசிரியர் அவனைக் கவனித்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். ஓபரா என்ற மேடை இசை நாடகமும் ஐரோப்பிய செவ்வியல் இசையும் அவர் மூலம்தான் வந்தன. பிற்காலத்தில் வைஸ் நோயிலும் வறுமையிலும் இருந்தபோது ஜாப்ளின் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் செடேலியாவில் கறுப்பின மாணவர்களுக்கான ஜார்ஜ் ஸ்மித் கல்லூரியிலும் கொஞ்ச காலம் படித்தார்.

பழைய_ஸ்பூல் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. பல இடங்களில் அவர் பிறந்த நாள் 1868 நவம்பர் 24 என்று இருக்கும். 1870 ஜூலை மாதக் குடிக்கணக்கில் அவருக்கு இரண்டு வயது என்று பதிவாகியிருக்கிறது. நவம்பரில் பிறந்தவருக்கு அப்போது இரண்டு ஆகியிருக்காது. 1867 கடைசி, 1868 தொடக்கம் என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

ரயிலடி எழுதியது:

வாசிப்பு எப்படி? பெரிய வித்வானா?

பழைய_ஸ்பூல் எழுதியது:

செயின்ட் லூயிஸில் அவரைத் தூக்கிச் சாப்பிடும் வாசிப்பாளர்கள் இருந்தார்கள். லூயி ஷோவன் என்று ஓர் இளைஞர், நோட்டேஷன் எழுதவே தெரியாது, ஆனால் பியானோவில் உட்கார்ந்தால் ஊரே வாய் பிளக்கும் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1908இல் இருபதுகளிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய பெயரில் அச்சானவை மூன்றுதான். அதில் ராக் ஒன்றே ஒன்று, 'ஹீலியோட்ரோப் பொக்கே', 1907. முதல் இரண்டு பகுதி ஷோவனுடையது. ஜாப்ளின் அதைத் தாளில் இறக்கி, பின்னிரண்டு பகுதியைத் தானே எழுதிச் சேர்த்து, இருவர் பெயரும் போட்டு வெளியிட்டார். ராக் இலக்கியத்திலேயே இவ்வளவு மயக்கமான தொடக்கம் வேறு கிடையாது என்பது என் கட்சி.

ஜாப்ளினுக்கு அந்தத் தாராளம் உண்டு. நியூயார்க்கில் ஸ்டார்க் கடையில் ஜோசப் லாம்ப் என்ற வெள்ளைக்கார இளைஞரைச் சந்தித்தார். அவருடைய 'சென்சேஷன்' ராக்கை ஸ்டார்க் வாங்க வேண்டும் என்பதற்காகத் தன் பெயரை 'அரேஞ்ச் செய்தவர்' என்று அட்டையில் போட அனுமதித்தார். அது 1908. ஒன்பது வருடம் முன்பு கான்சஸ் சிட்டியில் அவர் தலையில் கட்டப்பட்ட அதே இரண்டு வார்த்தை.

வெண்கட்டை எழுதியது:

அந்தக் கடைசி வரி பிரமாதம் ஐயா.

சரி, எல்லோரும் சொல்லும் ஓபரா விவகாரத்துக்கு வருவோம். 'ட்ரீமோனிஷா'தான் அவரை அழித்தது என்கிறார்களே? கையிலிருந்த காசையெல்லாம் அதில் போட்டு, ராக் எழுதுவதையும் குறைத்துக்கொண்டார் என்று.

ரயிலடி எழுதியது:

அதில் நான் ஜாப்ளின் பக்கம் இல்லை, ஆச்சரியப்படாதீர்கள். ராக் ராஜாவாக இருந்த மனிதர் ராக் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். 1911இல் 230 பக்கத்துக்குப் பியானோ-குரல் பிரதியைச் சொந்தக் காசில் அச்சடித்தார். பதிப்பாளர் கிடைக்கவில்லை, தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. 1915இல் ஹார்லெமில் லிங்கன் தியேட்டரில் ஒரு வாசிப்பு வைத்தார். திரைச்சீலை இல்லை, உடை இல்லை, ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. அவரே பியானோவில் உட்கார்ந்தார். அழைத்து வந்தவர்கள் எழுந்து போனதுதான் மிச்சம். உடம்பு ஏற்கெனவே சிபிலிஸில் அரித்துக்கொண்டிருந்தது. அந்தத் தோல்வியிலிருந்து அவர் மீளவே இல்லை. கதையும் பார்த்தால்... தோட்டத்தில் ஒரு பெண், மாய மந்திரம் செய்கிறவர்கள் கடத்திக்கொண்டு போகிறார்கள், குளவிக்கூட்டில் தள்ளப் போகும்போது ஒருவன் சோளக்கொல்லைப் பொம்மை வேஷத்தில் வந்து காப்பாற்றுகிறான். இதைப் பார்க்க நியூயார்க் ரசிகன் டிக்கெட் வாங்குவானா?

ஸ்வரக்குருவி எழுதியது:

ரயிலடி, கதையைப் பாதியில் வெட்டிவிட்டீர்களே.

காலம் 1884 செப்டம்பர், இடம் டெக்சர்கானா பக்கத்தில் ஒரு தோட்டம், அதாவது அவர் வளர்ந்த மண். அடிமைமுறை ஒழிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. ட்ரீமோனிஷா மரத்தடியில் கிடந்த குழந்தை, வளர்ப்புப் பெற்றோர் உழைத்துப் படிக்கவைக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே கறுப்பினப் பெண். தாயத்து விற்றுப் பிழைக்கிறவர்களை எதிர்த்துப் பேசுகிறாள், அதனால்தான் கடத்தல். மீட்டபிறகு ஊர்க்காரர்கள் அவர்களை அடிக்கக் கையை ஓங்குகிறார்கள். அவள் தடுத்து மன்னிக்கச் சொல்கிறாள். ஊர் அவளையே தலைவியாக ஏற்கிறது. ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை. அமெரிக்காவில் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை வருவது 1920இல்!

இன்னொரு செய்தி, இது என் ஊகத்துக்கு மட்டும். அவருடைய இரண்டாவது மனைவி ஃப்ரெடி அலெக்சாண்டர். 1904 ஜூனில் லிட்டில் ராக்கில் கல்யாணம், பெண்ணுக்கு 19 வயது. 'தி கிரிசாந்திமம்' அவளுக்குச் சமர்ப்பணம். அதே வருடம் செப்டம்பர் 10ஆம் தேதி நிமோனியாவில் போய்விட்டாள். ஓபராவும் செப்டம்பரில் நடக்கிறது, நாயகி அந்த வயதுக்காரி, படித்தவள். தற்செயலாகவும் இருக்கலாம். அடுத்த வருடம் அவர் வெளியிட்ட 'பெத்தினா' வால்ட்ஸைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

"ராக் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம்" என்பதை நான் ஏற்கவில்லை. 1909 'சொலேஸ்', 1914 'மேக்னெட்டிக் ராக்' இரண்டையும் வாசித்தவர்களுக்குத் தெரியும், மனிதர் வற்றிப்போகவில்லை. மேக்னெட்டிக்கில் மைனருக்குள் போய்த் திரும்புகிற இடமெல்லாம் நடன இசையின் எல்லையைத் தாண்டிப்போய்விட்டது.

நெறியாளர்: ராக்டைமா ஜாஸா எது மூத்தது என்ற சண்டை தனி இழைக்கு மாற்றப்பட்டது. இங்கே ஜாப்ளின் மட்டும்.

பழைய_ஸ்பூல் எழுதியது:

ட்ரீமோனிஷா அவருடைய முதல் ஓபரா இல்லை. இது பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

1901 அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு இரவு விருந்துக்கு அழைத்தார். ஒரு கறுப்பினத் தலைவர் அதிபரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதற்குத் தென்மாநிலப் பத்திரிகைகள் குதித்த குதி கொஞ்சமல்ல. ஜாப்ளின் அதை வைத்து 'எ கெஸ்ட் ஆஃப் ஹானர்' என்ற ஓபராவை எழுதி, 1903இல் சுமார் முப்பது பேர் கொண்ட குழுவோடு ஊர் ஊராகக் கிளம்பினார். வழியில் யாரோ வசூல் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார். தங்கிய விடுதிக்குக் கட்ட முடியாமல் உடைமைகள் பறிபோயின, கையெழுத்துப் பிரதியும் அதோடு போனது. பதிப்புரிமைக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார்; கூட அனுப்ப வேண்டிய பிரதி மட்டும் போய்ச் சேரவில்லை. இன்றுவரை ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

வெண்கட்டை எழுதியது:

ஒரு நிமிடம். அப்படியானால் 1911இல் ட்ரீமோனிஷாவைக் கைக்காசு போட்டு அச்சடித்தது பைத்தியக்காரத்தனம் இல்லையே? ஏற்கெனவே ஓர் ஓபராவைப் பெட்டியோடு பறிகொடுத்தவர் அவர்.

ஸ்வரக்குருவி எழுதியது:

நான் இதைத்தான் சொல்ல நினைத்தேன், நீங்கள் முந்திவிட்டீர்கள்.

அவரிடமிருந்து என்னென்ன பிழைத்தன என்று பாருங்கள். ஒலிப்பதிவு ஒன்றுகூடக் கிடையாது. 1916இல் தானியங்கிப் பியானோவுக்கான துளை போட்ட காகிதச் சுருளாக ஏழு பியானோ ரோல் வந்தன. அப்போது நோய் கையைப் பிடித்திருந்தது. ஒரு மேப்பிள் லீஃப் ரோல் தள்ளாடித் தள்ளாடி ஓடுகிறது, என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. ஒரு சிம்பொனியும் பியானோ கன்செர்ட்டோவும் எழுதியதாகச் சொல்கிறார்கள், ஒரு தாள் இல்லை. ட்ரீமோனிஷாவுக்கு அவர் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா பிரதி இல்லை. ஆனால் அச்சில் ஏறியது எல்லாம் இருக்கிறது. அந்த 230 பக்கமும் இருக்கிறது. 'ஹீலியோட்ரோப்' எழுதிவைக்காமல் போயிருந்தால் ஷோவனின் வாசிப்பில் மிஞ்சியது வெறும் வாய்ச்செய்தி.

மேடையில் பெயர் வாங்கத் தன்னால் முடியாது என்று தெரிந்த மனிதர் தாளை நம்பினார். "வேகமாக வாசிக்காதே" என்று அச்சடித்ததும் அதே நம்பிக்கையில்தான். எங்கேயோ யாரோ, தன்னைப் பார்த்தே இராத ஒருவர், இதை எடுத்து வைத்து வாசிப்பார் என்று.

ரயிலடி எழுதியது:

இறந்தபிறகு வீட்டிலிருந்த பெட்டி என்ன ஆனது?

பழைய_ஸ்பூல் எழுதியது:

மூன்றாவது மனைவி லாட்டி ஹார்லெமில் தங்கும் விடுதி நடத்தி வந்தார், தாள்களைப் பாதுகாத்து வைத்திருந்தார். 1953இல் அவர் இறந்ததும் பொறுப்பு வில்பர் ஸ்வெட்மன் என்ற இசைஞரிடம் போனது. அவரும் 1961இல் இறந்தபிறகு எல்லாம் சிதறிவிட்டன. ஜாப்ளின் பெயர் மறுபடி எழுந்ததோ அதற்குப் பத்து வருடம் கழித்து.

அந்த எழுச்சியும் அச்சுத்தாளிலிருந்துதான் வந்தது. ஜோஷுவா ரிஃப்கின் ஓர் இசை ஆய்வாளர், பாக் போன்ற ஐரோப்பிய செவ்வியல் இசையமைப்பாளர்கள் பக்கத்து ஆள். 1970 நவம்பரில் நான்சச் நிறுவனத்துக்கு ஜாப்ளின் ராக்குகளை வாசித்து இசைத்தட்டு போட்டார். சர்க்கஸ் வேகம் இல்லை, தாளில் சொன்னபடி நிதானமாக. கடையில் அது செவ்வியல் அலமாரியில் உட்கார்ந்தது. விற்பனை பத்து லட்சம் தாண்டியது. அடுத்த வருடம் நியூயார்க் பொது நூலகம் முழுத் தொகுப்பு வெளியிட்டது, பதிப்பாசிரியர் வேரா பிராட்ஸ்கி லாரன்ஸ். 1972 ஜனவரியில் அட்லாண்டாவில் ட்ரீமோனிஷா முதன்முறையாக முழு அரங்கில் நடந்தது. ராபர்ட் ஷா நடத்தினார், காதரின் டன்ஹம் இயக்கினார், ஆர்க்கெஸ்ட்ராவை டி. ஜே. ஆண்டர்சன் புதிதாக எழுதினார். 1975இல் ஹூஸ்டன் ஓபரா அதை எடுத்தது, அதற்கு குந்தர் ஷுல்லர் வேறோர் ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் செய்தார். 1976இல் ஜாப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது.

ரொறன்ரோ_மாமா எழுதியது:

நடுவிலே 'தி ஸ்டிங்' படத்தை விட்டுவிட்டீர்கள்! 1973. என்னைப் போன்ற ஆட்களுக்கு ஜாப்ளின் என்றால் அதுதான். மார்வின் ஹேம்லிஷ் இசைத்தழுவலுக்கு ஆஸ்கர் வாங்கினார், 'என்டர்டெய்னர்' 1974இல் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது.

ரயிலடி எழுதியது:

அந்தப் படம் நடக்கிற காலம் 1936. ராக்டைம் அப்போது செத்து இருபது வருடம். யாருக்கும் அது உறுத்தவில்லை என்பதுதான் வேடிக்கை.

என் பழைய கேள்வி இன்னும் நிற்கிறது. 1970களில் இசைத்தட்டு நிறுவனம் சம்பாதித்தது, படநிறுவனம் சம்பாதித்தது, ஆஸ்கர் இன்னொருவர் வீட்டுக்குப் போனது. ஜாப்ளின் கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைத்தது எப்போது? 1974. இறந்து 57 வருடம் கழித்து, குயின்ஸில் செயின்ட் மைக்கேல் கல்லறைத் தோட்டத்தில், இசைப் படைப்பாளர் சங்கம் வைத்தது. பாட்டு வெளியான காலம் பழையது, அதற்குப் பதிப்புரிமையும் இல்லை. அந்த ஒரு சென்ட்கூட இல்லை! ஸ்டார்க் கொடுத்தார் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன், ஐயா சந்தோஷப்படலாம். நூற்றுக்கு இரண்டு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய_ஸ்பூல் எழுதியது:

அது போதும் தம்பி.

வெண்கட்டை எழுதியது:

நான் அடுத்து எதை வாசிக்கலாம் அக்கா? என்டர்டெய்னர் முதல் இரண்டு பகுதி தட்டுத்தடுமாறி வருகிறது. வேடிக்கையாக ஒன்று, உருக்கமாக ஒன்று சொல்லுங்கள்.

ஸ்வரக்குருவி எழுதியது:

முதலில் என்டர்டெய்னரை முடியுங்கள். ட்ரையோ என்கிற மூன்றாம் பகுதி எஃப் மேஜருக்குப் போகும், அங்கே ஒரு ஃப்ளாட் சேர்வதை மறக்காதீர்கள். மெட்ரோனோமில் உங்களுக்கு வசதியான வேகத்தைவிட ஒரு படி குறைத்து வையுங்கள், இடது கையை மட்டும் தனியாகப் பழகுங்கள். பாஸ் நோட்டிலிருந்து கார்டுக்குத் தாவும்போது கட்டையைப் பார்க்காமல் தாவ வந்தால்தான் வலது கையைச் சேர்க்கலாம்.

உருக்கத்துக்கு 'சொலேஸ்'. மெக்சிகோ செரனேட் என்று பெயர் போட்டிருப்பார், ஹபனேரா என்ற கியூபா நடனத் தாளம், இடது கை தாவல் குறைவு. மெதுவாக வாசிக்க மாணவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, பாட்டே பார்த்துக்கொள்ளும்.

வேடிக்கைக்கு 1896இல் எழுதிய 'கிரேட் க்ரஷ் கொலிஷன் மார்ச்'. டெக்சாஸில் ஒரு ரயில் கம்பெனி விளம்பரத்துக்காக இரண்டு ரயிலை எதிரும் புதிருமாக விட்டு மோதவைத்தது. நாற்பதாயிரம் பேர் வேடிக்கை பார்க்கப் போனார்கள், பாய்லர் வெடித்துச் சிலர் இறந்தும் போனார்கள். ஜாப்ளின் அதைப் பியானோவில் எழுதினார். எங்கே விசில், எங்கே ரயில் நெருங்குகிறது, எங்கே மோதல் என்று தாளிலேயே குறித்திருப்பார்.

இல்லையென்றால் 1910 'ஸ்டாப்டைம் ராக்'. அதில் குதிகாலால் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு உண்டு. கால் விரல் தரையைவிட்டு எழும்பக்கூடாது, குதிகால் மட்டும்.

வெண்கட்டை எழுதியது:

நான் இருப்பது மூன்றாவது மாடி அக்கா. கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே என்டர்டெய்னருக்கே முறைக்கிறார்.

ஸ்வரக்குருவி எழுதியது:

அப்படியானால் 'சொலேஸ்'. ஞாயிற்றுக்கிழமை மதியம் வேண்டாம்.